வரவில் எழுதாத நடை

எடை குறைப்புத் திட்டங்கள் என இன்று வழங்குபவை பலவாயினும், அவற்றுட் பெரும்பாலானவற்றின் அட்டவணையில் ஒரு கட்டம் தவறாமல் இடம்பெறக் காண்கிறோம். நாளொன்றுக்கு இத்தனை கலோரி உண்ணலாம் என ஓர் அளவை வரையறுத்த பின்னர், அன்று செய்த உடற்பயிற்சியால் செலவான கலோரியை அவ்வளவோடு கூட்டிக்கொள்ளலாம் என அக்கட்டம் இசைவு தரும். 1,600 கலோரி உண்ண உரிமை பெற்ற ஒருவர், ஒரு மணி நேரம் நடந்து 280 கலோரி செலவிட்டார் எனின், அன்று அவர் 1,880 வரை உண்ணலாம். நடை நாணயமாகிறது, அந்நாணயத்திற்கு உணவு விற்கப்படுகிறது. இவ்வாணிகம் முறையானதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. தமிழ்த்துறையின் மலரில் இதற்கென்ன இடம் என மாணவர் சிலர் வினவக்கூடும். உடம்பின்றி நடைபெறும் துறை எதுவும் இக்கல்லூரியில் இல்லை என்பதே எம் விடை.

எமக்கு இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த குருதிச் சோதனையில், வெறும் வயிற்றில் சர்க்கரை 118 என வந்தது. நோய் என்னும் எல்லைக்கோடு 126. இயல்பு என்பது 100க்குக் கீழ். ஆகலின் யாம் நின்ற இடம் வாசற்படி. எடை 80 கிலோ. மருத்துவர் நயமாகவே பேசினார். எனினும் எம் செவியில் அவர் குரலுக்கு மேலாக வேறொன்று ஒலித்தது. எம் வாப்பா சர்க்கரை நோயால் முதலில் வலக்கால் பெருவிரலையும், ஈராண்டு கழித்துக் கணுக்காலுக்குக் கீழ் உள்ள பகுதி முழுவதையும் இழந்தவர். தொழுகையைக் கடைசி ஆண்டுகளில் நாற்காலியில் அமர்ந்தே நிறைவேற்றினார். எம் மூத்த காக்காவுக்கு அந்நோய் முன்னரே வந்துவிட்டது. எனவே, உணவு ஆலோசகர் தந்த தாளைக் கையில் வாங்கியபோது, அதிலுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் பாடநூலைப் படிப்பதுபோலப் படித்தோம். அதன் கடைசிக் கட்டந்தான் மேலே கூறிய உடற்பயிற்சிக் கட்டம். தலைப்பில் ஒரு கூட்டற்குறியும் இருந்தது.

கலோரி என்னும் அளவையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். ஒரு கிலோ நீரை ஒரு பாகை செல்சியசு அளவு சூடாக்கத் தேவைப்படும் வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரி. நீராவிப் பொறியை ஆராய்ந்தோர் கையாண்ட அளவையை மனித வயிற்றுக்குக் கொண்டுவந்தவருள் தலையாயவர் அமெரிக்க வேதியியலறிஞர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அவர் மிடில்டவுன் நகரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், இயற்பியலறிஞர் எட்வர்ட் ரோசாவின் துணையோடு ஒரு சிற்றறை அமைத்தார். அதனுள் ஒரு மனிதரைச் சில நாள்கள் இருக்கச் செய்து, அவர் உண்பதையும், உறங்குவதையும், நிலையாக நிறுத்திய மிதிவண்டியை மிதிப்பதையும், அவர் உடல் விடும் வெப்பத்தையும் அளந்தார். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 என இன்றும் நாம் வாய்பாடாகச் சொல்வது அவர் வழி வந்ததே. 1918இல் லாஸ் ஏஞ்சலிசைச் சேர்ந்த லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர், உணவைத் துண்டுகளாகவும் கிண்ணங்களாகவும் அன்றிக் கலோரிகளாக எண்ணும் பழக்கத்தை ஒரு நூல் வாயிலாக இல்லங்களுக்குள் புகுத்தினார். 1963இல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்னும் இல்லத்தரசியார் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் அமைப்பு, 1997இல் கலோரிக்கு மாற்றாகப் புள்ளிமுறையைக் கொணர்ந்தது. உணவு புள்ளியைக் குறைக்கும். உழைப்பு புள்ளியைச் சேர்க்கும். இன்று கைப்பேசிச் செயலிகள் நொடிதோறும் செய்வது இதே கணக்கைத்தான்.

இந்திய உணவுகளுக்கான அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அது நம் குன்னூரிலிருந்து வந்தது. அங்கு இயங்கிய உணவூட்ட ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பை நூலாக வெளியிட்டார். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. பின்னர்த் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அதனைப் பல்லாண்டு நடத்திய சி. கோபாலன் அவர்கள் 1918இல் சேலத்தில் பிறந்தவர். நாம் உண்ணும் இட்லிக்கு இத்தனை கலோரி என ஒரு செயலி சொல்லுமாயின், அந்த எண்ணின் முன்னோர் நீலகிரியில் இருந்திருக்கக்கூடும்.

இனி, கட்டத்தை ஆதரிப்போர் கூற்றை முதலில் கேட்போம். எம் காக்காவே அக்கட்சிக்கு வழக்கறிஞர். சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கும் அவர், மாலைதோறும் கடற்கரையில் நடந்து, கைப்பேசி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஈடாக இரவில் உண்பார். ஒருநாள் யாம் இதுபற்றி வினவ, "தம்பி, ஒழைச்சுத்தானே திங்கிறேன், கடன் வாங்கியா திங்கிறேன்?" என்றார். இக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. உண்ணாதே, உண்ணாதே என்று மட்டும் சொல்லும் திட்டத்தில் எவரும் நெடுநாள் நிலைப்பதில்லை. நடந்தால் கிடைக்கும் என்னும் ஆசை காட்டினால், நடவாதவனும் எழுந்து நடப்பான். காக்கா முன்பு தெருமுனைக் கடைக்கும் வண்டியில் சென்றவர் என்பதை நினைக்க, அக்கட்டம் அவருக்குச் செய்த உதவி சிறிதன்று. அதனை யாம் மறுக்கவில்லை.

எனினும் கணக்கு என்று வந்துவிட்டபின் அது கணக்காக நிற்றல் வேண்டும். ஒரு மணி நேர நடைக்கு 280 என்னும் எண் எவ்வாறு வந்தது? அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல், எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவிடும் என்பது பொதுக் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அமர்ந்திருத்தலைப்போல் 3.5 மடங்கு. 80 கிலோ எடையுள்ள எமக்கு 80 பெருக்கல் 3.5, ஆக 280. இதில் மறைந்திருக்கும் இடர் யாது? நடக்காமல் நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்தியிருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்தில் 80 கலோரி செலவாகியே இருக்கும். நாளொன்றுக்கான 1,600 என்னும் அளவை வகுக்கும்போதே அந்த 80 கணக்கில் வந்துவிட்டது. மீண்டும் அதனை நடையின் பெயரால் வரவு வைப்பது ஒரே காசை இருமுறை எண்ணுவது. எனவே நடையால் உண்மையில் கூடியது 200 மட்டுமே. இன்னும் ஒன்று. திட்டம் வகுப்போர் "நீர் நடப்பவரா, அமர்ந்திருப்பவரா?" எனத் தொடக்கத்திலேயே கேட்டு, நடப்பவர் என்று சொன்னால் அதற்கேற்ப அளவை உயர்த்தித் தருவதும் உண்டு. அங்ஙனம் உயர்த்திய பின் அன்றாட நடையையும் கூட்டினால், அந்த 200உம் முன்னரே கொடுத்து முடித்த தொகையாகிவிடும்.

அந்த 200 கலோரிக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதையும் பார்ப்போம். நெய் கிராமுக்கு 9 எனின், 22 கிராம் நெய். அஃதாவது ஒன்றரை மேசைக்கரண்டி. ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் இருப்பதாகக் கொண்டால், மைதாவுக்கு 210, எண்ணெய்க்கு 90, ஆக 300. ஒரு மணி நேரம் வியர்வை சிந்த நடந்தவர் ஈட்டியது ஒரு பரோட்டாவில் மூன்றில் இரண்டு பங்கு, சால்னா தனி. அறுபது நிமிட உழைப்பை ஐந்து நிமிடத்தில் உண்டு தீர்க்கலாம்.

எண்களைத் தரும் பொறிகளின் நிலை என்ன? 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், மணிக்கட்டில் அணியும் ஏழு வகைக் கருவிகளை அறுபது பேரிடம் சோதித்தனர். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை நன்கே காட்டின. கலோரிச் செலவிலோ, அவற்றுள் சிறந்ததாக நின்றதே சராசரி 27 விழுக்காடு பிழைபட்டது; கடைநிலையில் நின்றது 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் திருந்தியிருக்கலாம். ஆயினும் மணிக்கட்டைத் தொட்டு உடல் முழுவதன் வெப்பத்தை உய்த்துணரும் வேலை எளிதன்று.

உணவுப் பக்கத்துக் கணக்கு இதனினும் தடுமாற்றமானது. எம் ஊர் கீழக்கரை. அங்கே விருந்து என்றால் சஹன் சோறு. ஒரு பெருந்தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, மூவரோ நால்வரோ சூழ அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து உண்பர். பக்கத்திலிருப்பவர் நல்ல கறித்துண்டை நம் பக்கம் தள்ளுவார்; நாம் அவர் பக்கம் தள்ளுவோம். பெரியவர் ஒருவர் இருப்பின், அவர் கை நிற்கும்வரை மற்றவர் எழார். இதில் எம் பங்கு இத்தனை கிராம் என்று எந்த அட்டவணை சொல்லும்? பின்னர் வரும் வட்டலப்பத்தையும் தொதலையும் பற்றி யாம் பேசாமல் விடுகிறோம். சஹனில் அமர்ந்து கைப்பேசியைத் தட்டிக் கணக்கிடுபவரை எம் ஊரார் பித்தர் என்பர். அவர்கள் கூற்றில் பிழையில்லை.

எம் வாப்பா மளிகைக் கடை நடத்தியவர். அவர் பேரேட்டில் ஒரு நெறி இருந்தது. வரவேண்டிய பணம் எவ்வளவு உறுதியானதாக இருப்பினும், கல்லாவில் விழும்வரை அதனை வரவில் எழுத மாட்டார். நிலுவை என்று தனியே குறிப்பார். செலவை மட்டும் வாய் சொன்னவுடனேயே எழுதிவிடுவார். வரவைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் மதிப்பிடுபவன் கடை மூடமாட்டான் என்பது அவர் துணிபு. நடைக் கலோரியும் அத்தகைய நிலுவையே. அது வந்ததா, எவ்வளவு வந்தது என்பதை உடல் மட்டுமே அறியும். அவ்வுடலோ தனக்கெனத் தனிப் பேரேடு வைத்திருக்கிறது. தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை, ஹெர்மன் பான்ட்சர் முதலிய ஆய்வாளர் அளந்து 2012இல் வெளியிட்டனர். நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கும் அம்மக்களின் மொத்தச் செலவு, உடலளவை ஈடுசெய்து நோக்குங்கால், அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் மேலைநாட்டாரின் செலவினின்றும் பெரிதும் வேறுபடவில்லை. ஓரிடத்தில் மிகுதியாகச் செலவிட்டால் உடல் பிறிதோரிடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். இது எல்லோருக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் நடந்த கலோரி முழுவதும் கல்லாவில் விழுகிறது என எண்ணுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இதுகாறும் கூறியவை எண்ணில் நேரும் இடர்கள். இவற்றைத் திருத்திவிடலாம்; 280ஐ 200 ஆக்கலாம்; பாதியை மட்டும் வரவு வைக்கலாம். சில திட்டங்கள் அவ்வாறே அறிவுறுத்துகின்றன. எம்மை உண்மையில் கலங்கச் செய்தது எண்ணன்று. விடுதிக் காப்பாளர் பொறுப்பில் யாம் இருந்த ஆண்டு, இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் காலை உணவுக் கூடத்தில் தட்டின்றி அமர்ந்திருக்கக் கண்டோம். உடல் நலமில்லையோ என வினவினோம். "இல்லை ஐயா, நேத்து மழை. நடக்கலை. அதான்" என்றார். அவர் பருமனானவரும் அல்லர். நடந்தால் உண்ணலாம் என்னும் விதியை அவர் நேர்மையாகத் திருப்பிப் படித்திருந்தார்: நடவாவிடில் உண்ணலாகாது. மேலும் கேட்டதில், ஒரு வடை தின்ற நாளில் விடுதி மாடிப்படிகளை நாற்பது முறை ஏறி இறங்கியதாகக் கூறினார். அவர் பெற்றோரிடம் பேசினோம்; மருத்துவரிடமும் அழைத்துச் சென்றனர்; இன்று நலமாக இருக்கிறார். மழை பெய்த நாளில் இட்லிக்கு உரிமை இல்லை என ஓர் இளைஞரை நம்பவைத்த கட்டம், வெறும் கணக்குக் கட்டமாக எமக்கு அதன்பின் தோன்றவில்லை. அங்கே உணவு குற்றமாகிறது, நடை தண்டனையாகிறது. இரண்டுமே அப்படிப்பட்டவை அல்ல.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்நினைவு வருகிறது. உணவின் அளவைப் பேசும் அவ்வதிகாரக் குறள்கள், முன்னுண்டது செரித்ததா, நன்கு பசித்ததா, உடலோடு மாறுபடாத உணவா என்றே வினவுகின்றன. நேற்று எவ்வளவு உழைத்தாய் என்னும் வினா ஓரிடத்தும் இல்லை. பசியைக் கேட்கிறார் வள்ளுவர், கூலியைக் கேட்கவில்லை.

இங்ஙனம் கூறுவதால், உழைப்புக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என யாம் சொல்வதாகக் கொள்ளற்க. மூட்டை தூக்குவோரும் வரப்பு வெட்டுவோரும் உழைப்புக்கேற்ப உண்டாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் அமர்ந்து பணிசெய்பவராயின் 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பாளியாயின் 2,710உம், கடும் உழைப்பாளியாயின் 3,470உம் வேண்டும். இவ்வளவு ஒருவர் வாழும் வாழ்வை நோக்கித் தந்தது. மாலை ஒரு மணி நேரத்தை நோக்கித் தந்ததன்று. அவ்வாறே, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும் கணையத்தைத் தூண்டும் மாத்திரைகள் உண்போரும் வழக்கத்தினும் மிகுதியாக உழைத்த நாளில் உணவைக் குறைத்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி வீழ நேரும். அவர்கள் மருத்துவர் சொற்படி நடைக்கேற்ப உண்பதே முறை. அது பரிசன்று, காப்பு. இப்பத்தியைப் பெரியவர்கள் இருமுறை படிப்பார்களாக.

அப்படியாயின் எம்மைப் போன்றோர் நடந்து பெறுவதுதான் யாது? இதற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரில் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர். உணவை ஒழுங்குபடுத்தி, நடையை மேற்கொள்ளுமாறு தொடர்ந்து வழிநடத்தப்பட்ட பிரிவில் அது 39 விழுக்காடு. வியப்பு யாதெனில், நலம் பெற்ற அப்பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைப்பொறி ஒன்றையும் காட்டாதபோதும் நோய் தள்ளி நின்றது. இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. நடந்து முடித்தபின்னும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கிறது. இந்த ஊதியத்தைக் கலோரிக் கட்டத்தின் எந்த மூலையில் எழுதுவது? பரோட்டாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு இதனை விற்றுவிடுவது நல்ல வாணிகம் ஆகுமா? எம் வாப்பாவின் கால் எம் கண்முன் நிற்கும்போது, அவ்விலைக்கு விற்க எமக்கு மனம் வரவில்லை.

எனவே எம் தாளில் அக்கட்டத்தை வெறுமையாகவே விட்டு வைத்தோம். உணவு 1,600 என்றால் 1,600. மழையானாலும் வெயிலானாலும் அதுவே. மிகவும் பசிக்கும் நாளில் சுண்டலோ மோரோ கூடுதலாகக் கொள்வோம். அதற்குக் காரணம் பசி என்றே எழுதுவோம், நடை என்று எழுதுவதில்லை. நடையைத் தாளின் பின்பக்கத்தில் நிமிடமாகக் குறிக்கிறோம். உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிடமேனும் வேண்டும் என்கிறது. எமக்கு 250க்குக் குறைவதில்லை. தாளின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஈராண்டில் எடை 80இலிருந்து 74 ஆயிற்று. சர்க்கரை 104, வாசற்படியிலேயே நிற்கிறோம், உள்ளே நுழையவில்லை.

காக்காவுக்கு இவை அனைத்தையும் எடுத்துரைத்தோம். 80ஐ இருமுறை எண்ணும் செய்தி வணிகரான அவருக்கு உடனே விளங்கிற்று. "இதை வாப்பா பாத்திருந்தா பேரேட்டத் தூக்கி எறிஞ்சிருப்பாரு" என்றார். கடற்கரை நடையை அவர் விடவில்லை. இரவுப் பரோட்டா இரண்டு ஒன்றாகியிருக்கிறது. ஆயினும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று நடந்த அடிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "பாதியாவது வரவு வைக்கலாமா தம்பி?" என்று கேட்பது இன்றளவும் நின்றபாடில்லை.